கல்லடி பட்ட முன்கண்ணாடி: ஒட்டலாமா, மாற்றலாமா?

சொகுசு எஸ்.யூ.வி. வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், முன்கண்ணாடி தொடர்பானவை மட்டும் இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து கல் ஒன்று தெறித்தது. கண்ணாடியில் நட்சத்திரம் போலச் சின்ன உடைப்பு. நடுவுக்குச் சற்று இடப்புறம், கீழ்ப்பாதியில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் "மாற்றித்தான் ஆக வேண்டும்" என்கிறார்கள். ஒட்டினால் போதாதா?
— வாசகர், ஓசூர்

நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால், ஒட்டவே வாய்ப்பு அதிகம். ஆனால் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்: ஆழம், இடம், அளவு. எல்லோரும் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

முன்கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி அல்ல. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் பி.வி.பி. எனப்படும் பிளாஸ்டிக் படலம். அந்தப் படலம் பொதுவாக 0.76 மி.மீ. இருக்கும். கல் அடித்தால் பெரும்பாலும் வெளிக்கண்ணாடி மட்டும்தான் உடையும். ரெசின் எனும் திரவப் பிசினை ஊற்றி ஒட்டுவதெல்லாம் அந்த வெளிக்கண்ணாடிக்கான வைத்தியம். காரின் உள்ளே உட்கார்ந்து, உடைந்த இடத்துக்கு நேர் பின்னால் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழவழப்பாக இருந்தால் உள்கண்ணாடி பிழைத்திருக்கிறது. சொரசொரப்போ, பொடியோ தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். உடைப்பைச் சுற்றிப் பால் படிந்ததுபோல் வெளுப்பு தெரிந்தால் படலத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டது என்று பொருள். அதையும் ரெசின் சரிசெய்யாது.

அடுத்தது இடம். சாதாரண காரில் ஓட்டுநரின் பார்வைப் பகுதியும் கண்ணாடியின் ஓரமும்தான் கவனிக்க வேண்டியவை. உங்கள் வகை வண்டியில் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, உள்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா பார்க்கும் பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் பட்டைக்கு நடுவில் சின்ன ஜன்னல்போலத் தெளிவாக விடப்பட்டிருக்கும். இன்னொன்று, வேகமும் வழியும் கண்ணாடியில் மிதப்பதுபோல் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே விழும் இடம். இந்த இரண்டிலும் உடைப்பு பட்டிருந்தால், மிளகு அளவுதான் என்றாலும் ஒட்ட வேண்டாம். ஒட்டிய இடத்தில் மெல்லிய தழும்பு எப்போதும் மிஞ்சும். நம் கண் அதைத் தாண்டிப் பார்த்துவிடும், கேமராவுக்கு அது முடியாது.

ஓட்டுநரின் பார்வைப் பகுதிக்கு நாடுகள் வேறுவேறு கோடு போடுகின்றன. பிரிட்டனில், ஸ்டியரிங்கின் நடுவை மையமாக வைத்து 290 மி.மீ. அகலப் பட்டைக்குள் 10 மி.மீ.க்கு மேற்பட்ட உடைப்பை ஒட்டக்கூடாது. அமெரிக்கத் தரநிலை ஏறத்தாழ அதே அகலத்தில் 25 மி.மீ. வரை விட்டுக்கொடுக்கிறது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் அந்தத் தழும்பில் பட்டுச் சிதறுவதை நினைத்தால் பிரிட்டன் கணக்கே நமக்குச் சரி.

இப்போது அளவு. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. கால்கள், அதாவது நடுவிலிருந்து பிரியும் கோடுகள், உட்பட முழு நட்சத்திரமும் அதற்குள் மறைந்தால் ஒட்டுவதில் தயக்கமே வேண்டாம். நட்சத்திர வகைக்கு 75 மி.மீ. வரை அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது என்றாலும், கால் நீள நீள அதன் நுனிவரை ரெசினைக் கொண்டுசேர்ப்பது கடினம். நுனியில் காற்று மிஞ்சினால் அங்கிருந்தே விரிசல் மறுபடி கிளம்பும்.

சர்வீஸ் சென்டரில் "ஏன் மாற்ற வேண்டும்" என்று காரணம் கேளுங்கள். "உள்கண்ணாடியும் உடைந்திருக்கிறது", "கேமரா பகுதியில் இருக்கிறது" என்றால் அது நியாயமான காரணம். "நாங்கள் ஒட்டுவதில்லை" என்பது அவர்களுடைய பணிமுறை; உங்கள் கண்ணாடியின் நிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடிப் பழுதுக்கென்றே இருக்கும் இடத்தில் இன்னொரு முறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஆலையில் ஒட்டிய பசையோடு இருக்கும் மூலக் கண்ணாடியைக் காப்பாற்ற முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

அதுவரை உடைப்பின் மேல், வெளிப்பக்கம், சின்னதாகச் செல்லோ டேப் ஒட்டி வையுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உடனடிப் பசை, நெயில் பாலிஷ் எதையும் வைக்காதீர்கள். அவை உள்ளே போய் இறுகிவிட்டால் நல்ல ரெசினுக்கு இடமிருக்காது. ஷாம்பூ போட்டுக் கழுவுவதும் வேண்டாம்.

காலையில் வண்டியை எடுத்தபோது கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கல் பட்ட அடையாளமே இல்லை. முந்தின நாள் மதிய வெயிலில் நின்றிருந்த வண்டியில் ஏசியை முழுவேகத்தில் வைத்தேன். அதனால் இருக்குமா? ஒட்ட முடியுமா?
— வாசகி, மதுரை

ஒட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓரத்தைத் தொட்ட விரிசல் அங்கேயே நிற்காது. கண்ணாடியை வளைத்துச் செய்யும்போது உருவாகும் உள் இறுக்கம் ஓரங்களில்தான் அதிகம். வண்டி பள்ளத்தில் இறங்கி உடல் முறுக்கும்போதெல்லாம் அந்த விசையும் ஓரத்துக்கே வரும்.

ஏசி மட்டும் கண்ணாடியை உடைக்காது. ஆனால் ஓரத்தில், கறுப்புப் பட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத சின்ன உடைப்பு முன்பே இருந்திருந்தால் அதை விரிசலாக நீட்டிவிடும். வெயிலில் கொதித்த வெளிக்கண்ணாடி விரிந்து நிற்கிறது. உள்கண்ணாடி மேல் குளிர்காற்றை ஊற்றினால் அது சுருங்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். வெயிலில் நின்ற வண்டிக்கு முதலில் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றி, காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்பி வையுங்கள். கண்ணாடிக்குத் திருப்புவது கடைசியில். கொதிக்கும் கண்ணாடியில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதும் இதே தவறுதான்.

விரிசலின் தொடக்கத்தைப் பேனா முனையால் தடவிப் பாருங்கள். முனை சிக்கினால் அங்கே கல் பட்டிருக்கிறது. சிக்காமல், ஓரத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பியிருந்தால் பொருத்தியதில் கோளாறு இருக்கலாம். கண்ணாடியை முன்பு மாற்றியிருந்தால் அப்போது மாற்றியவர்களிடம் காட்டுங்கள். சட்டத்தின் விளிம்பில் துருவோ, பழைய பசைக் கட்டியோ கண்ணாடியை ஒரே இடத்தில் நெருக்கினால் இப்படித்தான் உடையும்.

ஒட்டும்போது என்னதான் செய்கிறார்கள்? சரியாகச் செய்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கோவை

உடைப்புக்குள் இருப்பது காற்று. அந்தக் காற்றை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போலவே ஒளியைக் கடத்தும் ரெசினை அந்த இடத்தில் நிரப்பி இறுக்குவதுதான் வேலை. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வண்டி நிழலில் இருக்க வேண்டும். புற ஊதா ஒளி பட்டால் ரெசின் இறுகிவிடும், வெயிலிலும் அந்த ஒளி இருக்கிறது. திறந்த வெளியில் வேலை பார்த்தால் கால்களின் நுனிக்குப் போகும் முன்பே ரெசின் பாதியில் கெட்டியாகும். கண்ணாடி சூடாக இருக்கவும் கூடாது. கை வைத்தால் சுடாத பக்குவத்துக்கு, நிழலில் தானாகவே ஆற வேண்டும்.

முதலில் ஊசிபோன்ற கருவியால் தளர்ந்த பொடியை எடுப்பார்கள். மழையில் நனைந்த வண்டி என்றால் மிதமான சூட்டில் ஈரத்தை உலர்த்துவார்கள். சிகரெட் லைட்டர் சுடரை நேரடியாகக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள், விரிசல் நொடியில் ஓரம்வரை ஓடிவிடும். பிறகு கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் தாங்கி, அதன் நடுவில் திருகுக் குழாய், அதற்குள் சில சொட்டு ரெசின். முதலில் காற்றை உறிஞ்சுவது, பிறகு ரெசினை அழுத்துவது. இதை ஒருமுறை செய்தால் போதாது. உள்ளே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபடி, கறுப்பாகத் தெரியும் கோடுகள் மறையும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். காற்று இருக்கும் இடம்தான் கறுப்பாகத் தெரியும். நட்சத்திரத்தின் கால் திறக்காமல் அடம்பிடித்தால் உள்பக்கத்திலிருந்து விரலால் மெல்ல அழுத்திக்கொடுப்பார்கள். எல்லாம் நிரம்பிய பின்தான் புற ஊதா விளக்கு. மேலே உள்ள குழிக்குத் தனியாகக் கெட்டியான ரெசின், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, மறுபடி விளக்கு. கடைசியில் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி மெருகேற்றுவார்கள்.

சரிபார்க்க, பல கோணங்களிலிருந்து பாருங்கள். குழி இருந்த இடத்தில் சின்னப் புள்ளியும், கால்கள் இருந்த இடத்தில் மங்கலான நிழலும் தெரிவது இயல்பு. எந்தக் கோணத்திலாவது வெள்ளி போலவோ கறுப்பாகவோ மின்னும் கோடு தெரிந்தால் காற்று மிச்சம் இருக்கிறது. நகத்தை ஓட்டினால் குழியில் சிக்கக்கூடாது. சிக்கினால் வைப்பர் ரப்பரும் சிக்கும்.

விளக்கைப் போடும் முன்பே உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். ரெசின் இறுகிய பிறகு அதே உடைப்பை இரண்டாவது முறை நிரப்ப வழியே இல்லாமல் போய்விடும். வேலை தொடங்கும் முன் இன்னொன்றையும் பேசிவிடுங்கள்: ஒட்டும்போதே விரிசல் ஓடினால் யார் பொறுப்பு என்று. கை தேர்ந்தவரிடமும் எப்போதாவது அது நடக்கும்.

கண்ணாடியை மாற்றிய பிறகு கேமராவுக்குக் கேலிப்ரேஷன் செய்ய வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். வெளிக்கடையில் "அதே கேமராவை அதே இடத்தில்தான் மாட்டுகிறோம், தேவையில்லை" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், சென்னை

கேலிப்ரேஷன், அதாவது கேமரா சரியான திசையைப் பார்க்கும்படி அளந்து சரிப்படுத்துவது, தேவை. இதில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

கேமரா மாட்டும் தாங்கி கண்ணாடியில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. புதுக் கண்ணாடி என்றால் புதுத் தாங்கி. அத்துடன், பசையின் தடிமன் ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கண்ணாடி சாயும் கோணம் மாறும். கேமரா 1 டிகிரி திரும்பினால் 50 மீட்டர் தொலைவில் அதன் பார்வை 87 சென்டிமீட்டர் விலகியிருக்கும். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். கால்வாசித் தடம் தப்பாகத் தெரியும் கேமராவை நம்பித்தான் உங்கள் வண்டி தானாகப் பிரேக் போடுகிறது, ஸ்டியரிங்கைத் திருப்புகிறது.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று நினைக்க வேண்டாம். கேமரா வேலை செய்கிறதா என்பதைத்தான் அந்த விளக்கு சொல்லும். சரியான திசையைப் பார்க்கிறதா என்பதை எப்போதும் சொல்லாது.

இரண்டு முறைகள் உண்டு. வண்டியை நிறுத்திவைத்து, கார் நிறுவனம் சொன்ன தூரத்திலும் உயரத்திலும் குறிப்பலகையை வைத்துச் செய்வது ஒன்று. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, தடக்கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொன்று. எது வேண்டும், அல்லது இரண்டுமா என்பதை மாடல்தான் தீர்மானிக்கிறது. நிறுத்திவைத்துச் செய்வதென்றால் தரை சமமாக இருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் சுமை இருக்கக்கூடாது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இயல்பு உயரத்தில் நிற்க வேண்டும். ரோட்டோரச் சரிவில் வைத்துப் பத்து நிமிடத்தில் "முடிந்தது" என்றால் நம்பாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள்.

கேமரா பகுதிக்கு வெளியே ஒரு கல்லடியை ஒட்டினால் கேலிப்ரேஷன் தேவையில்லை. கேமராவைக் கழற்றாதவரைக்கும் இது பொருந்தும்.

கம்பெனி முத்திரை உள்ள கண்ணாடிக்கும் வெளிச்சந்தைக் கண்ணாடிக்கும் விலையில் பெரிய வித்தியாசம். இரண்டும் ஒரே ஆலையில்தான் வருகின்றன என்கிறார்களே?
— வாசகர், திருச்சி

சில சமயம் அது உண்மை. கார் நிறுவனங்கள் கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை. செயின்ட் கோபைன், ஏ.ஜி.சி., பில்கிங்டன், ஃபூயாவ் போன்ற கண்ணாடி நிறுவனங்களிடம்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒரே ஆலை என்பதால் ஒரே கண்ணாடி ஆகிவிடாது.

ஹெட்-அப் டிஸ்ப்ளேயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு முகம். இரண்டிலும் பிம்பம் விழும், எழுத்து இரட்டையாகத் தெரியும். அதைத் தடுக்க நடுவிலுள்ள படலத்தை ஆப்பு வடிவில், மேலே தடிப்பாகவும் கீழே மெலிதாகவும் செய்கிறார்கள். வித்தியாசம் மிகச் சிறியது, கண்ணாலோ கையாலோ கண்டுபிடிக்க முடியாது. சாதாரணப் படலம் உள்ள கண்ணாடியை மாட்டினால் அது கச்சிதமாகப் பொருந்தும், மழையில் ஒழுகாது, இரவில் வேகம் மட்டும் இரண்டிரண்டாகத் தெரியும். அதற்கு எந்த செட்டிங்கிலும் மருந்து கிடையாது.

இதுபோலவே சத்தத்தைக் குறைக்கும் படலம், வெப்பத்தைத் திருப்பும் உலோகப் பூச்சு, வைப்பர் படுக்கும் இடத்துச் சூடேற்றி, மழை உணரி என்று ஒரே மாடலுக்குள் பலவகைக் கண்ணாடிகள் உண்டு. மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் வண்டிக்கு உரிய பாக எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். அதோடு பொருந்துவது என்று எழுத்தில் தந்தால், கார் நிறுவன முத்திரை இல்லாத கண்ணாடியையும் வாங்கலாம். ஹெட்-அப் டிஸ்ப்ளேயும் கேமராவும் சேர்ந்து இருந்தால் முத்திரை உள்ளதையே வாங்குவது எங்கள் பரிந்துரை. பழைய கண்ணாடியின் மூலையில் உள்ள குறிகளைக் கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் லேமினேட்டட் என்ற சொல்லும் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரக் குறியோ, ஐரோப்பாவின் வட்டத்துக்குள் ஈ குறியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டில் கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் போய்விடும் என்கிறார்கள். கையிலிருந்து கட்டுவதா, கிளைம் செய்வதா?
— வாசகி, ஈரோடு

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் இந்தப் போனஸ். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்காண்டு ஏறும். நீங்கள் 50-இல் இருந்து ஒருமுறை கிளைம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். மறுபடி 50-ஐத் தொடும்வரை இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். அதாவது சொந்தச் சேதப் பிரிவுக்கு, போனஸ் கழிக்கும் முன் உள்ள ஓராண்டுப் பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கு. அந்தப் பிரீமியம் 60,000 ரூபாய் என்றால் இழப்பு 75,000. வண்டியின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறைவதால், உண்மையில் இதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

கண்ணாடி, கூலி, கேலிப்ரேஷன் எல்லாம் சேர்ந்த பில் இதைவிட நன்றாகவே அதிகம் என்றால் கிளைம் செய்யுங்கள். நெருங்கி வந்தாலோ குறைந்தாலோ கையிலிருந்து கட்டுவது லாபம். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் எடுத்திருந்தால் அதுவும் கிடையாது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயப் பங்காக 2,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், தாராளமாகக் கிளைம் செய்யலாம். அந்தக் கவரில் ஆண்டுக்கு எத்தனை கிளைம் வரை என்பதை மட்டும் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்த்து ஒப்புதல் தரும் முன் கண்ணாடியைக் கழற்றவிடாதீர்கள்.

மாற்றிய பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விசில் சத்தம். ஒரு மழையில் கால்மிதியும் நனைந்தது. கடைக்காரர் "சிலிக்கான் வைத்துத் தருகிறேன்" என்கிறார்.
— வாசகர், நாகர்கோவில்

சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் மேல், கண்ணாடியை ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் பசை ஒட்டாது; பிறகு யார் சரிசெய்ய வந்தாலும் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேல் விளிம்பில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால் கோளாறு அங்கே. நிற்காவிட்டால் பக்க விளிம்புகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். தண்ணீருக்கு, பிரஷர் இல்லாமல் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெல்ல ஊற்ற, உள்ளே இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கும் வழிந்து இடம் தெரியாமல் போகும். சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்திருந்தாலும் கால்மிதி நனையும், அதையும் பாருங்கள்.

பசைக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒட்டவில்லை. துடைத்த ஓரத்தில் கைவிரல் எண்ணெய் பட்டிருக்கலாம், பசைக்கு அடியில் பூசும் பிரைமர் காயும் முன் பசை வைத்திருக்கலாம், வைத்த கண்ணாடியைத் தூக்கி மறுபடி வைத்திருக்கலாம். காலாவதியான பசையாகவும் இருக்கலாம். கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விபத்தில் இடப்பக்க ஏர்பேக் மேலெழும்பி முன்கண்ணாடியில் சாய்ந்துதான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பசை விட்டுக்கொடுத்தால் கண்ணாடியோடு ஏர்பேக்கும் வெளியே போகும். விசில் சத்தத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

மறுபடி ஒட்டும்போது சட்டத்தில் பழைய பசையை 1 முதல் 2 மி.மீ. விட்டு அறுத்திருக்கிறார்களா, கத்தி கிழித்த பெயின்ட்டில் பிரைமர் தொட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்தக் கீறல் துருவாக மாற அதிக நாள் ஆகாது. ரேஞ்ச் ரோவர் போல அலுமினிய உடல் என்றால் மின்சாரம் கடத்தாத வகைப் பசையைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசை உறையிலேயே இருக்கும். காற்றின் ஈரத்தில் இறுகும் பசை என்பதால் உங்கள் பகுதியில் சீக்கிரம் இறுகும், ஊட்டிக் குளிரில் தாமதமாகும். முதல் நாள் முழுக்க ஒரு ஜன்னலை விரல்கடை அளவு திறந்தே வையுங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்காற்று புதுப் பசையைத் தள்ளும். பிரஷர் வாஷ் இரண்டு நாள் கழித்து.

பழைய கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டேக்கை எடுத்து ஒட்டலாமா?
— வாசகர், வேலூர்

முடியாது. உரித்தால் கிழிந்து செயலிழக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். டேக் தந்த வங்கியிடம் அதே வண்டி எண்ணுக்கு மாற்று டேக் கேளுங்கள், கணக்கில் உள்ள பணம் அப்படியே இருக்கும். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டினால் சுங்கச்சாவடியில் இரட்டிப்புக் கட்டணம் வாங்கலாம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2024-இல் அறிவித்திருக்கிறது. வெப்பத்தைத் திருப்பும் உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி, சுங்கச்சாவடி டேக்கைப் படிக்கும் ரேடியோ அலையையும் மறைக்கும். அதற்காகவே உள்பார்வைக் கண்ணாடிக்கு அருகே பூச்சு இல்லாத, பெரும்பாலும் புள்ளியிட்ட இடம் ஒன்று விட்டிருப்பார்கள். அங்கே ஒட்டுங்கள், கேமரா ஜன்னலை மறைக்காமல்.

சன்ரூஃப் கண்ணாடியில் கல் பட்டிருக்கிறது. அதையும் ரெசின் ஊற்றி ஒட்டலாமா?
— வாசகி, சேலம்

பெரும்பாலான சன்ரூஃப்கள் கடினப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. அதில் உடைப்பு ஆழமானால் முழுதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகக் கொட்டும், ஒட்ட எதுவும் மிஞ்சாது. மேலோட்டமான தழும்பு மட்டும் என்றாலும் உள்திரையை மூடியே வைத்து, மாற்றும்வரை திறக்காமல் ஓட்டுங்கள். மூலையில் லேமினேட்டட் என்று எழுதியிருந்தால் மட்டும் கண்ணாடிப் பழுதுக்காரரிடம் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.